எண்ணெய் தேடும் நிலவியல் வேலை: மும்பைக்கு வரும் நம் மாணவர்களுக்கு யார் துணை?

கடற்கிணறு (நெருல்)
வெள்ளி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டிலிருந்து முதுநிலை நிலவியல் படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்காக மும்பைக்கும் பன்வேலுக்கும் வருகிறார்கள். திருச்சி, தூத்துக்குடி, சேலம், சிதம்பரம், சென்னை என்று ஊர்கள் பலவாக இருந்தாலும் இங்கே வந்து இறங்கியதும் அவர்கள் படும் பாடு ஒன்றுதான். தங்க இடம் தேடுவதிலேயே முதல் சில நாட்கள் கரைந்துவிடும். மீதிக் காலத்தில் ஏதோ ஓர் அலுவலக மூலையில் உட்கார்ந்து, பழைய அறிக்கையைப் பார்த்து எழுதி, முத்திரை குத்திய சான்றிதழோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஒரு கிணற்றின் லாக்கை, அதாவது ஆழ ஆழப் பாறை எப்படி இருக்கிறது என்று கருவிகள் அளந்த பதிவை, உச்சியிலிருந்து அடிவரை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

நான் மும்பைக் கடற்பகுதியில் கிணற்றுத்தள நிலவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பன்வேலிலிருந்து செம்பூர்வரை என்னைப் போல் ஓய்வு பெற்ற தமிழ் நிலவியலாளர்களும் புவி இயற்பியலாளர்களும் பலர் இருக்கிறோம். நாங்கள் பார்த்த பாறைகளும் எடுத்த முடிவுகளும் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவை எங்களோடு முடிந்துபோவதை நான் விரும்பவில்லை.

என் யோசனை எளியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து லாக் வாசிக்கவும், பாறைத் துணுக்கு பார்க்கவும், அதிர்வலைகளை அனுப்பி எடுத்த சைஸ்மிக் படத்தில் அடுக்குகளைத் தொடர்ந்து கோடு போடவும் கற்றுக்கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்க நம் சங்கங்கள் வழியாக ஏற்பாடு செய்யலாம். உறுப்பினர்களின் கருத்து வேண்டும். மறுப்பு இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.


தொண்ணூறடிச்சாலை (தாராவி)
வெள்ளி, இரவு 10.25

ஐயா, உங்கள் பதிவை மகள் வாசித்துக் காட்டினாள். அவள் இங்கே ஒரு கல்லூரியில் நிலவியல் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் தோல் பட்டறையில் வேலை செய்கிறேன். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, "கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்பதுதான். அவளோ எண்ணெய்க் கிணற்றில் வேலைக்குப் போவேன் என்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். அங்கே உண்மையில் என்ன வேலை செய்வார்கள்? கடல் நடுவே ஒரு பெண் பிள்ளை போய் வேலை செய்ய முடியுமா? ஆபத்து எவ்வளவு? மறைக்காமல் சொல்லுங்கள்.


கடற்கிணறு (நெருல்)
சனி, காலை 7.30

அண்ணாச்சி, மறைக்க ஒன்றுமில்லை. முதல் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையைப் பற்றிப் பல கல்லூரி ஆசிரியர்களுக்கே சரியான சித்திரம் இல்லை.

ரிக் என்னும் துளையிடும் மேடை கடலடியைத் துளைக்கும்போது துளைமுனை பாறையை நொறுக்குகிறது. மட் என்று சொல்லப்படும் சேற்றுக் கலவையைக் குழாய்க்குள் கீழே செலுத்துவார்கள். அது துளைமுனை வழியாக வெளியேறி, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே உள்ள வெளியில் துணுக்குகளைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். மேலே ஷேல் ஷேக்கர் என்ற அதிரும் சல்லடை துணுக்குகளைப் பிரித்துக் கொட்டும். எங்கள் வேலை அந்தச் சல்லடை முன்னால் தொடங்குகிறது. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் உடைந்த துணுக்கு மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் துளைமுனை அடுத்த பாறைக்குள் இறங்கியிருக்கும். ஆகவே கையில் இருக்கும் துணுக்கு எந்த ஆழத்துக்கு உரியது என்ற கணக்கு ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேலடுக்கிலிருந்து சரிந்து விழுந்த துணுக்கும் கலந்திருக்கும். அதை இனம் கண்டு ஒதுக்கத் தெரிய வேண்டும்.

துணுக்கைக் கழுவி நுண்ணோக்கியில் வைப்போம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புப் பாறை சட்டென்று நுரைக்கும், டோலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும். பிறகு புற ஊதா விளக்கு. எண்ணெய் படிந்த துணுக்கு ஒளிரும். ஆனால் சில கனிமங்களும் ஒளிரும், குழாய் இணைப்புகளில் தடவும் கிரீஸும் ஒளிரும். அதனால் கரைப்பான் ஒரு துளி விட்டுப் பார்ப்போம். ஒளி துணுக்கிலிருந்து இழை இழையாகக் கசிந்து வந்தால், உள்ளே இருப்பது எண்ணெய். கூடவே மட்டில் கரைந்து வரும் வாயுவை மீத்தேன் முதல் பென்டேன் வரை பிரித்து அளக்கும் கருவியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு சொல்பவர் நல்ல நிலவியலாளர் ஆக மாட்டார்.

மும்பைக் கடலில் உள்ள பாம்பே ஹை (இன்று மும்பை ஹை) வயலில் முக்கியமான எண்ணெய்ப் படுகை மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறை. அதில் பொந்துகள் உண்டு. சில நேரம் இறக்கிய மட் முழுவதையும் பாறையே விழுங்கிவிடும், மேலே ஒரு துணுக்கும் வராது. அப்போது துளைக்கும் வேகம், குழாயின் முறுக்கு விசை, பக்கத்துக் கிணற்றின் லாக் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். கிணற்றுச் சுவரைத் தாங்க இறக்கும் கேசிங் குழாயை எந்த ஆழத்தில் நிறுத்துவது, கோர் என்னும் முழுப் பாறைத் தண்டு எடுக்க எப்போது துளைப்பதை நிறுத்துவது என்று நள்ளிரவில் கேட்பார்கள். அந்த ஒரு பதிலில் பெரும் பணமும் சில சமயம் உயிர்களும் அடங்கியிருக்கும். இந்த வேலையை நான் நேசித்ததற்குக் காரணம் அந்தப் பொறுப்புதான்.

ஆபத்து பற்றி. ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் போக வேண்டும். அது நீரில் கவிழ்ந்தால் எப்படி வெளியேறுவது என்று முன்பே தொட்டியில் வைத்துப் பயிற்சி தருவார்கள். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்குத் தளம் தீயில் அழிந்தபோது 22 பேர் மாண்டார்கள். 2021 மே மாதம் டவ்-தே புயலில் பி-305 மிதவை மூழ்கிப் பலர் இறந்தார்கள், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இதையெல்லாம் அறிந்துகொண்டுதான் ஒரு பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

பெண்கள் பற்றிய கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர் இங்கே இருக்கிறார். பன்வேல் உறுப்பினர் எழுதுவாரா?


சல்லடைமுன் (பன்வேல்)
சனி, மாலை 4.05

எழுதுகிறேன் ஐயா. நான் ஒரு சேவை நிறுவனத்தில் மட் லாகராக, அதாவது மட்டோடு வரும் துணுக்கையும் வாயுவையும் பார்த்துப் பதிபவளாக, இருக்கிறேன். மதுரைப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு.

அண்ணா, உங்கள் மகளால் முடியும். சட்டம் நெடுங்காலம் குறுக்கே நின்றது. எண்ணெய்க் கிணறும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி காலை 6 மணிமுதல் இரவு 7 மணிவரை மட்டுமே பெண்கள் அங்கே வேலை செய்யலாம் என்றிருந்தது. ரிக்கில் பன்னிரண்டு மணி நேர முறை, இரவும் பகலும் ஓடும். இரவுப் பணிக்கு ஆகாதவரை யார் அனுப்புவார்கள்? 2019இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். எனக்கு முன்னால் படித்த அக்காமார் பலர் ஆய்வகத்தோடு நின்றுபோனதற்கு அந்த விதி ஒரு பெரிய காரணம். நான் இரவுப் பணி பார்க்கிறேன்.

ஐயா சொன்ன பொறுப்பும் பெருமையும் உண்மை. ஆனால் அவர் நிரந்தரப் பணியில் இருந்தவர். இன்று சேரும் பலருக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலை. ரிக்கில் இருக்கும் நாளுக்குத்தான் நல்ல பணம். கச்சா எண்ணெய் விலை விழுந்தால் முதலில் நிற்பது புதிய கிணறு தோண்டும் வேலை, அதோடு எங்கள் சம்பளமும் நிற்கும். 2014இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. அப்போது துறைக்குள் வந்த என் சீனியர்களில் சிலர் இன்று வங்கியில் இருக்கிறார்கள். 2020இலும் அதே கதை.

இன்னொரு எச்சரிக்கை. "ரிக் பயிற்சி, வேலை உறுதி" என்று விளம்பரம் செய்து மாணவர்களிடம் பெருந்தொகை வாங்கும் இடங்கள் பெருகிவிட்டன. நானே அப்படி ஓரிடத்தில் பணம் கட்டினேன். ஏசி அறையில் படம் போட்டுக் காட்டி அனுப்பினார்கள். அந்தச் சான்றிதழை எந்த நேர்காணலிலும் யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த நிறுவனம் முதலில் வேலை தரும், பிறகு தன் செலவில் பயிற்சி தரும். பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

ஐயாவின் ஞாயிற்றுக்கிழமை யோசனையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கரையில் இருக்கும் வாரங்களில் நானும் வருவேன்.


ஐந்தொகை (செம்பூர்)
சனி, இரவு 8.50

நல்ல எண்ணம், மதிக்கிறேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முறியப்போகும் கிளையில் பிள்ளைகளை ஏற்றிவிடுவது சரியா?

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் விற்பவர் பணம் கொடுக்க வேண்டிய நிலை. சாலையில் மின்சார வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. இன்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அறுபது வயதுவரை வேலை செய்ய வேண்டும். அதுவரை இந்தத் துறை இருக்குமா? பன்வேல் சகோதரி எழுதியதே என் கவலைக்குச் சான்று. நம் சங்கத்தின் உழைப்பையும் பணத்தையும் கணினித் தரவுப் பயிற்சிக்குக் கொடுத்தால் அதிகம் பேருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.


வெண்ணாற்றங்கரை (டோம்பிவிலி)
சனி, இரவு 11.15

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன். என் வருத்தம் வேறு.

எங்கள் ஊர்ப்பக்கம் நிலவியலாளர் என்றால் ஜீப்பில் வந்து வயலில் குறி போட்டுவிட்டுப் போகிறவர். என்ன தோண்டுகிறார்கள், எவ்வளவு ஆழம், எங்கள் போர்வெல் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது. 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய் எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து மக்கள் தெருவில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். கதிராமங்கலத்தில் குழாயில் கசிவு ஏற்பட்ட பிறகுதான் பலருக்கும் தங்கள் நிலத்தடியில் என்ன ஓடுகிறது என்பதே தெரிந்தது. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை வந்தது. அந்த நிலைக்கு மக்களைத் தள்ளியதில் பதில் சொல்லாத நிபுணர்களுக்கும் பங்கு உண்டு.

மாணவர்களுக்கு லாக் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விவசாயியின் கேள்விக்கு நேராக நின்று பதில் சொல்லவும் கற்றுக்கொடுப்பீர்களா? அதற்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இடம் உண்டா?


கடற்கிணறு (நெருல்)
ஞாயிறு, காலை 6.50

வெண்ணாற்றங்கரை அவர்களுக்கு முதலில். உண்டு. உங்கள் கேள்வி நியாயமானது, அதைப் பாடத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும். ஒரு கிணறு நிலத்தடி நன்னீர் அடுக்கைக் கடந்துதான் கீழே போகிறது. அந்த அடுக்கை மறைத்து முதல் கேசிங் இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்ட் நிரப்புகிறார்கள். சிமெண்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒலி அலை அனுப்பிப் பார்க்கும் லாக் ஒன்று இருக்கிறது. அந்த லாக்கை விரித்து வைத்து, "இங்கே பிடித்திருக்கிறது, இங்கே பிடிக்கவில்லை, ஆகவே மறுபடி சிமெண்ட் போட்டோம்" என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லத் தெரிந்தவர்தான் முழு நிலவியலாளர். சொல்ல முடியாத இடத்தில் தோண்டக் கூடாது என்பதும் என் கருத்து. உங்களுக்கு விருப்பமானால் அந்த வகுப்பில் நீங்களே கேள்வி கேட்பவராக வாருங்கள். மாணவர்கள் பதில் சொல்லட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

செம்பூர் நண்பருக்கு. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. ஆகவே இருக்கும் வயல்களிலிருந்து கடைசிச் சொட்டுவரை எடுக்க வேண்டிய தேவை இன்னும் பல ஆண்டுகளுக்கு இருக்கும். 1974இல் சாகர் சாம்ராட் ரிக் கண்டுபிடித்த பாம்பே ஹை, 1976இல் உற்பத்தி தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. முதுமையடைந்த வயலுக்குத்தான் நுணுக்கமான நிலவியல் வேண்டும். எண்ணெய் எங்கே சிக்கி நிற்கிறது, எண்ணெயைத் தள்ளுவதற்காகச் செலுத்திய நீர் எந்த அடுக்கு வழியே திருட்டுத்தனமாக ஓடுகிறது என்பதைப் பாறை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

ஆனால் உங்கள் கவலையை ஒதுக்கவில்லை. விலை ஏறி இறங்கும் துறை இது, நிரந்தர வேலை குறைந்துவிட்டது. அதனால்தான் ஒரே வாசலை நம்பிப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்கிறேன். நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் ஊகித்தறியும் பயிற்சி பல இடங்களில் பயன்படும். லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் புவிவெப்பத்துக்காகக் கிணறு தோண்டுபவர்கள் எண்ணெய்த் துறையினர்தான். ஐஸ்லாந்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள், பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கார்பனேட் கனிமமாக மாறிவிட்டது. நாம் இருப்பதோ உலகின் மிகப் பெரிய பசால்ட் படிவுகளில் ஒன்றின் மேல். தக்காணப் பசால்ட்டில் அதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடப் போவது இன்றைய மாணவர்கள்.


ஊற்றுக்கண் (தாணே)
ஞாயிறு, காலை 10.30

நிலத்தடி நீர்த் துறையில் இருக்கிறேன். ஐயா சொன்னதற்கு என் அனுபவத்திலிருந்து வலு சேர்க்கிறேன்.

எண்ணெய்க் கிணற்றில் இறக்கும், மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி கருவியின் தத்துவம்தான் எங்கள் குடிநீர்க் கிணற்றிலும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், நன்னீர் அவ்வளவு கடத்தாது, எண்ணெய் கடத்தவே கடத்தாது. லாக் வாசிக்கத் தெரிந்தவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். இங்கே பசால்ட்டில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளிலும், எரிமலைக் குழம்பு ஆறியபோது குமிழி விட்ட அடுக்குகளிலும்தான். அதைக் கண்டுபிடிப்பதும் ஒரு தேடல்தான். மும்பை மெட்ரோ 3 பாதைக்குச் சுரங்கம் குடைந்தபோதும் பசால்ட், பிரெசியா (உடைந்த துண்டுகள் ஒட்டிய பாறை), டஃப் (எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை) என்று மாறி மாறி வந்த பாறையை முன்கூட்டியே சொல்ல நிலவியலாளர்கள் வேண்டியிருந்தார்கள்.

மாணவர்கள் அறிய வேண்டிய தேர்வுகள்: முதுநிலையில் சேர ஐ.ஐ.டி. ஜாம். அது நன்றாக அமைந்தால் பவாய் ஐ.ஐ.டி.யிலேயே பயன்பாட்டு நிலவியல் படிக்கலாம், மேலே பெட்ரோலியப் புவி அறிவியலில் எம்.டெக். உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். கேட் தேர்வில் நிலவியலும் புவி இயற்பியலும் சேர்ந்த தாள் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இவற்றைக் கடைசி ஆண்டில்தான் கேள்விப்படுகிறார்கள். தொண்ணூறடிச்சாலை அண்ணாச்சியின் மகள் இப்போதே தொடங்கிவிட்டால் நேரம் இருக்கிறது.


அம்மோனைட் (பன்வேல், தற்காலிகம்)
ஞாயிறு, பிற்பகல் 2.20

இந்த இழையை எழுதியவர்கள் பேசுவது எங்களைப் பற்றித்தான். நான் திருச்சியில் நிலவியல் முதுநிலை படிக்கிறேன். பயிற்சிக்காக வந்திருக்கிறேன். நாங்கள் நால்வர் ஓர் அறையில் இருக்கிறோம்.

எங்களுக்கு என்ன குறை என்று கேட்டால், ஒன்றைச் சொல்லலாம். எங்களுக்குப் பாறை தெரியும், ஆனால் அந்தப் பாறை லாக்கில் எப்படித் தெரியும் என்பது தெரியாது. கல்லூரியிலிருந்து அரியலூர்ப் பக்கம் பாறை பார்க்கப் போயிருக்கிறோம். அங்கே காரை என்னும் ஊரின் செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் கலந்த பள்ளங்களில் ஜிப்சம் பட்டைகள் வெயிலில் மின்னும், அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவங்கள் கையில் கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. பயிற்சியில் காவிரிப் படுகை அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் வரும் ஆண்டிமடம், புவனகிரி அடுக்குகளும் நாங்கள் மிதித்து நடந்த பாறைகளும் டைனோசர்கள் வாழ்ந்த ஒரே கிரெடேசியஸ் காலத்தவை என்று பார்த்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. மேற்கே வெளியில் தெரிவது, கிழக்கே போகப் போக ஆழத்தில் புதைந்து எண்ணெய் தாங்குகிறது. இதை மூன்று ஆண்டுகளாக யாரும் எங்களுக்கு இணைத்துச் சொல்லவில்லை.

இன்னொன்று, ஆங்கிலம். நேர்காணலில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் திரும்பிய சீனியர்கள் பலர். பாறையைத் தமிழில் விளக்கிவிடுவேன். அதே நொடியில் ஆங்கிலத்தில் கேட்டால் தடுமாறுகிறேன். அதற்கும் உதவி கிடைக்குமா?


கடற்கிணறு (நெருல்)
ஞாயிறு, மாலை 5.00

தம்பி, உன் பதிவை என் மனைவியிடம் உரக்க வாசித்தேன். இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

அரியலூர்ப் பாறைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நிலவியலாளர் பிளான்ஃபோர்டு வரைபடமாக்கினார். சாத்தனூர் மரத்தை உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர், 1951இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவரான முதல் இந்தியர். எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் நிலவியலாளர்களைச் செலவு செய்து அழைத்துப் போய்க் காட்டும் பாறை, உங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த கண் உனக்கு இருக்கிறது. மீதியைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

தரவு கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். நார்வேயின் ஈக்வினார் நிறுவனம் வட கடலில் மூடிய வோல்வ் வயலின் தரவு அத்தனையையும் 2018இல் பொதுவில் வைத்துவிட்டது. லாக், சைஸ்மிக், உற்பத்திக் கணக்கு, கிணற்று அறிக்கை எல்லாம் இருக்கிறது. நெதர்லாந்துக் கடலின் எஃப்3 சைஸ்மிக் தரவும் இலவசம், அதைத் திறந்து பார்க்கும் ஓப்பன்டெக்ட் மென்பொருளும் இலவசம். ஒரு சுமாரான மடிக்கணினி போதும். வோல்வ் கிணறு ஒன்றிலிருந்து தொடங்குவோம். பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டும் காமா ரே எங்கே குறைகிறது என்று பார்த்து மணற்பாறையைக் குறி. அங்கே ரெசிஸ்டிவிட்டி ஏறுகிறதா என்று பார். பிறகு பாறையின் துளைவெளியைக் காட்டும் நியூட்ரான் கோடும் அடர்த்தியைக் காட்டும் டென்சிட்டி கோடும் ஒன்றையொன்று கடந்து விலகினால் வாயு இருக்கலாம் என்று சந்தேகப்படு. ஒவ்வொரு கிணற்றையும் முதலில் தமிழில் வாதிடுவோம், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

உதவித்தொகை பற்றி ஒரு செய்தி. அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் அறக்கட்டளை வழங்கும் உதவித்தொகையில் பொறியியல், மருத்துவம், மேலாண்மையோடு நிலவியல், புவி இயற்பியல் முதுநிலையும் சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு 48,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பொதுப் பிரிவில் நலிந்தோர் விண்ணப்பிக்கலாம். நிலவியல் மாணவர்களில் இதை அறிந்தவர் குறைவு. உன் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடு. உலக அளவில் ஏ.ஏ.பி.ஜி. என்னும் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் மாணவர் குழுக்களுக்கு இம்பீரியல் பேரல் என்ற போட்டி நடத்துகிறது. உண்மையான படுகைத் தரவைக் கொடுத்து எங்கே தோண்டுவாய் என்று கேட்கும். உங்கள் நால்வரில் ஒரு குழு உருவாகலாமே.


ஐந்தொகை (செம்பூர்)
ஞாயிறு, இரவு 9.40

என் கருத்து முழுவதும் மாறவில்லை. எண்ணெய்த் துறையை நம்பிக் கடன் வாங்கிப் படிக்க யாரையும் ஊக்குவிக்காதீர்கள் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் தம்பியின் பதிவை வாசித்த பிறகு, இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் என்பதை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று படுகிறது. படிப்பவரைக் கைவிடக் கூடாது.

பணம் திரட்டுவதாக இருந்தால் இரண்டு நிபந்தனை. பொதுப் பெட்டி வேண்டாம். அறை முன்பணம் தேவைப்படும் மாணவருக்காக நேரே வீட்டு உரிமையாளரிடம் கட்டி ரசீது வாங்குவோம், மாணவர் காலி செய்யும்போது அது அடுத்தவருக்குப் போகட்டும். கணக்கை நான் எழுதி மாதந்தோறும் இங்கே பதிகிறேன்.


சல்லடைமுன் (பன்வேல்)
ஞாயிறு, இரவு 10.10

அண்ணா, முன்பணத்தோடு பாதுகாப்புக் காலணியும் சேர்த்துக்கொள்ளுங்கள். களத்துக்கு அழைப்பு வந்தும் காலணி வாங்கப் பணமில்லாமல் கடன் வாங்கிப் போட்டு, அளவு சேராமல் கால் புண்ணாகி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். தூக்கிப் போடும் நிலையில் இல்லாத பழைய காலணிகள் எங்கள் ஆட்களிடம் இருக்கும், பெண்கள் அளவு உட்பட. திரட்டித் தருகிறேன்.

பெண் மாணவிகள் தங்க என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. நான் ரிக்கில் இருக்கும் நாட்களில் அம்மா இருப்பார்.


தொண்ணூறடிச்சாலை (தாராவி)
திங்கள், காலை 6.15

எல்லோருக்கும் நன்றி. மகள் வருகிறாள். பட்டறையில் வேலை முடித்துவிட்டு முதல் நாள் நானும் கூட வந்து உட்காரலாமா ஐயா? எனக்கும் அந்தச் சொட்டு அமிலம் நுரைப்பதைப் பார்க்க ஆசை. அவள் சொல்கிறாள், அந்தேரி கில்பர்ட் குன்று முழுவதும் பசால்ட் தூண்களாம், ஆறரைக் கோடி ஆண்டுப் பழையதாம். இத்தனை ஆண்டு மும்பையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.


வெண்ணாற்றங்கரை (டோம்பிவிலி)
திங்கள், காலை 8.30

சிமெண்ட் லாக் வகுப்புக்கு வருகிறேன். ஊரிலிருந்து என் சித்தப்பாவும் அந்த வாரம் இங்கே இருப்பார். அவரிடம் போர்வெல் இருக்கிறது, கேள்விகளும் நிறைய இருக்கின்றன. மாணவர்கள் தயாராக வரட்டும்.


கடற்கிணறு (நெருல்)
திங்கள், இரவு 9.00

தாராளமாக வாருங்கள் அண்ணாச்சி. சித்தப்பாவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணி, நெருல். ஹார்பர் பாதையில் பன்வேல் வண்டி ஏறினால் நேரே வந்துவிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும், முந்தைய நாள் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வோல்வ் தரவு கோப்புகள் பெரியவை, நான் பென் டிரைவில் வைத்திருப்பேன், வீட்டில் பதிவிறக்கி டேட்டாவை வீணாக்காதீர்கள். ஹேண்ட் லென்ஸ் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அம்மோனைட் தம்பி, காரையிலிருந்து எடுத்த துண்டு ஏதாவது அறையில் இருந்தால் கொண்டு வா. அமிலம் என்னிடம் இருக்கிறது, யாரும் ரயிலில் எடுத்து வர வேண்டாம். கில்பர்ட் குன்றுக்கு மழைக்கு முன்பே போய்விடலாம், தேதியை வகுப்பில் முடிவு செய்வோம்.